எத்தனை விசில்

சந்திரனில் ரேஷன் கடை திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. செவ்வாய்க்குப் போக ஆசைப்பட்டவர்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இவ்வளவும் ஆன பிறகும் தமிழ்நாட்டு அடுப்படியில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் யாரிடமும் ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை.

"எத்தனை விசில் வந்துச்சு?"

கேட்கிறவர் பெரும்பாலும் குளியலறைக்குள் இருப்பார். பதில் சொல்ல வேண்டியவர் கூடத்தில் எதையாவது பார்த்துக்கொண்டு, "ரெண்டோ மூணோ" என்பார். பருப்பு கூழாவதும் கல்லாகக் கிடப்பதும் அந்த ஒரு விசில் வித்தியாசத்தில்தான். பாதி வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று சத்தியமே செய்யலாம்.

திருச்சி உறையூரில், மல்லிகை அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் இருந்த பிலோமினாவுக்கு இந்தக் கேள்வி உயிரை வாங்கியது. அவளுக்கு நாற்பத்தாறு வயது. பதினாறு வருடம் ஒரு கம்பெனியில் செயலிகளைச் சோதித்துப் பார்த்தவள். எந்தப் பொத்தானை எப்படி அழுத்தினால் எது உடையும் என்பதில் கில்லாடி. ஆனால் அடுப்பில் குக்கரை வைத்தால் முதல் விசிலோடு அவள் மனசு எங்கேயாவது கிளம்பிப் போய்விடும்.

அந்த வேலை இப்போது இல்லை. செயலிகளே இல்லாதபோது அவற்றைச் சோதிக்க ஆள் எதற்கு? எல்லாருடைய போனிலும் 'சகலம்' என்ற ஒரே ஒரு துணை வந்து உட்கார்ந்திருந்தது. கரண்ட் பில் கட்டுவது, டாக்டரிடம் நேரம் வாங்குவது, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் திருத்துவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். விசிலும் எண்ணும். ஆனால் எண்ணுவதோடு நிறுத்தாது.

"மூன்று விசில் ஆகிவிட்டது. இந்த வாரம் நான்காவது முறையாக உருளைக்கிழங்கு சமைக்கிறீர்கள். உங்கள் கணவரின் எடையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?"

"அத மொதல்ல வாய மூடச் சொல்லு" என்றார் கணவர் லூர்துசாமி. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நல்ல மனிதர், எடையைப் பற்றிப் பேசினால் மட்டும் ஆகாது.

அந்தக் கடுப்பில் பிறந்ததுதான் 'எத்தனை'. பிலோமினா தன் கையால் எழுதிய குட்டிச் செயலி. போனை அடுப்படி மேடையில் சாய்த்து வைத்தால் விசிலை எண்ணும். கேட்ட எண்ணிக்கை வந்ததும் இரண்டு முறை உறுமும். அவ்வளவுதான். அறிவுரை கிடையாது, விளம்பரம் கிடையாது, வெளியுலகத்தோடு பேச்சு வார்த்தையும் கிடையாது.

இப்படி ஒரு வேலையை மட்டும் செய்கிற சில்லறைச் செயலிகளுக்கு அந்த நாட்களில் மெல்ல ஒரு மவுசு வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு ஷம்ஷாத் அக்கா, குடியிருப்போர் சங்கச் செயலாளர், யார் வீட்டுக் கிண்ணம் தன் வீட்டில் இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஒன்றை வைத்திருந்தார். லூர்துசாமியிடம் இருந்தது இன்னும் சுருக்கம். நாளைக்கு ஸ்கூல் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். மே மாத லீவில்கூட அதைத் தினமும் திறந்து 'இல்லை' என்ற சொல்லை ஆசை தீரப் பார்த்துக்கொள்வார்.

'எத்தனை' முதல் நாளே மானத்தை வாங்கியது. மல்லிகை அடுக்ககம் கட்டப்பட்ட விதம் அப்படி. மாடிக்கு ஆறாக நான்கு மாடியில் இருபத்து நான்கு வீடுகள். நடுவில் வானம் பார்த்த ஒரு கூண்டு. எல்லா அடுப்படி ஜன்னலும் அதற்குள்தான் திறக்கும். ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் இருபத்து நான்கு வீட்டிலும் தும்முவார்கள். அன்று ஷம்ஷாத் அக்கா கறி வேகவைத்துக்கொண்டிருந்தார். அந்த விசில்களையெல்லாம் சிரத்தையாகச் சேர்த்துக்கொண்டு, பிலோமினாவின் குக்கர் மூச்சுக்கூட விடுவதற்கு முன்பே 'மூணு ஆச்சு' என்று உறுமிவிட்டது 'எத்தனை'. அன்று மதியம் லூர்துசாமி சாதத்தை மென்று மென்று தின்றார். குறை எதுவும் சொல்லவில்லை, பாவம்.

பிலோமினா விடவில்லை. அடுத்தவர் குக்கரை எண்ணக்கூடாது என்றால், அடுத்தவர் குக்கர் எது என்று தெரிய வேண்டும். செயலிக்கு இருபத்து நான்கு குக்கர்களின் குரலையும் பழக்கினாள். ஒன்று கீச்சென்று கத்தும். ஒன்று தயங்கித் தயங்கி இரண்டு தும்மல் போட்டுவிட்டு அப்புறம் வாய்விட்டு ஊதும். ஆறே மாதத்தில் 'எத்தனை' பிழையே இல்லாமல் எண்ணியது. யார் யாரோ கேள்விப்பட்டு வாங்கிக்கொண்டார்கள். ஓசூர், காரைக்கால், தென்காசி என்று முந்நூற்றுப் பன்னிரண்டு அடுப்படிகளில் அது உட்கார்ந்திருந்தது. 'என் பருப்பு இப்போது ஒழுங்காக வேகிறது' என்று தென்காசியிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்ததைப் பிலோமினா எத்தனை முறை படித்தாள் என்பதற்குக் கணக்கில்லை. வேலை போன பிறகு அவள் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

இதுவரை நல்ல கதை. ஆனால் பழகிய காது பழகியதோடு நிற்குமா?

"ஏங்க, இங்க வாங்களேன்" என்று ஒருநாள் கூப்பிட்டாள். "இது இப்ப உள்ள என்ன வேகுதுன்னும் சொல்லுது."

"மூடியத் தொறக்காமலா?"

"ஆமா. அரிசின்னா நுரை வரும், விசில் கொஞ்சம் கனமா, கரகரப்பா வரும். கறின்னா ஒரு மாதிரி. கடலைன்னா ரொம்ப நேரம் கழிச்சுத்தான் மொத விசிலே. நான் சொல்லிக் குடுக்கல. அதுவா கத்துக்கிச்சு."

போனில் ஒரு பட்டியல் நீண்டது. ஒன்று ஏ: சாதம், இரண்டு பேர் அளவு. நான்கு டி: கடலை. இரண்டு ஏ: கறி, ஆறு விசில்.

லூர்துசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "ஆறு விசிலா? ஷம்ஷாத் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க போல. இது என்ன, மூணு சி, வெறும் தண்ணி?"

"அதான் எனக்கும் புரியல. வைத்திலிங்கம் சார் வீடு. நாப்பத்தோரு நாளா தினமும் பன்னெண்டரைக்குக் குக்கர் வெக்கிறாரு. மூணு விசில். உள்ள ஒரு பருக்கை இல்ல. வெறும் தண்ணின்னா விசில் பொசுக்கு பொசுக்குன்னு அடுத்தடுத்து வந்துடும். பாருங்க, எல்லா நாளும் அப்படித்தான்."

அந்தப் பட்டியலை அழித்துவிட வேண்டும் என்று அன்றே அவளுக்குத் தோன்றியது. அழிக்கவில்லை. தினமும் சாப்பிட்டு முடித்ததும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது அவளுக்குப் பிடித்துப் போயிற்று. வம்பு பேசுவது பாவம் என்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் கேட்பவள்தான். ஆனால் இதில் பேச்சே இல்லையே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் செயலிப் பதிவகத்திலிருந்து கடிதம் வந்தது. செவிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. காது உள்ள எந்தச் செயலியும், தான் முதன்முதலில் கேட்டுப் பழகிய இடத்து ஆட்கள் எல்லாருடைய சம்மதத்தையும் பெற்றிருக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் செயலி எல்லாப் போனிலிருந்தும் நீக்கப்படும். பதினைந்து நாள் அவகாசம்.

"அப்ப சகலம்? நாம தூங்கும்போது விடுற குறட்டையக்கூட அது கேக்குதே" என்றார் லூர்துசாமி.

"போன் வாங்கின அன்னிக்கே எண்பது பக்கத்துக்குக் கீழ 'சரி'ன்னு அமுக்கினோமே. அதான் சம்மதம்."

"படிச்சியா?"

"நீங்க படிச்சீங்களா?"

இருவரும் அதோடு அந்தப் பேச்சை விட்டார்கள்.

பிலோமினா ஒரு தாளை எடுத்துக்கொண்டு படியேறி இறங்கினாள். மூன்றே நாளில் இருபத்து மூன்று வீட்டில் இருபத்திரண்டு கையெழுத்து. ஷம்ஷாத் அக்கா இரண்டு இடத்தில் போட்டார். "ஒண்ணு அழிஞ்சா ஒண்ணு இருக்கட்டும்டி. உன் செயலி இல்லேன்னா என் கறி யாரு எண்ணுறது?"

மிச்சம் இருந்தது மூன்று சி.

வைத்திலிங்கம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்கும். மனைவி மங்கையர்க்கரசி மகளின் பிரசவத்துக்காக நாக்பூர் போயிருந்தார். வைத்திலிங்கம் தாளை இரண்டு பக்கமும் படித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இல்லம்மா. நான் போடல."

"ஏன் சார்?"

"என் குக்கர். என் அடுப்படி. அது எனக்கும் அதுக்கும் உள்ள விஷயம்."

கதவு மரியாதையாக மூடிக்கொண்டது.

"இதுக்குப் போயி யோசிக்கிறியே" என்றார் லூர்துசாமி. "நேரா போயி, 'சார், உங்க குக்கர்ல வெறும் தண்ணின்னு எங்களுக்குத் தெரியும்'னு ஒரு வார்த்தை சொல்லு. கையெழுத்து என்ன, கைநாட்டும் சேத்து வெப்பாரு."

"சீ! அப்படிச் சொன்னா அதுக்குப் பேரு என்ன தெரியுமா?"

"சும்மா சொன்னேன், பிலோ."

சும்மாதான் சொன்னார். ஆனால் அவகாசத்தில் நான்கு நாள் மிச்சம் இருந்தபோது, பிலோமினா மறுபடி மூன்றாவது மாடிக்குப் படியேறினாள். கையில் தாள் இருந்தது. நாக்கு நுனியில் அந்த வார்த்தையும் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை நினைத்துக்கொண்டாள். தென்காசிப் பெண்ணை நினைத்துக்கொண்டாள். மனசு ஒரு நியாயத்தைத் தேட ஆரம்பித்துவிட்டால் அதற்குக் கிடைக்காத நியாயமா?

மணி பன்னிரண்டரை. கதவு திறந்து கிடந்தது. நேரே அடுப்படி தெரிந்தது. வைத்திலிங்கம் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். அடுப்பில் குக்கர். மேடையில் போன், அதில் மங்கையர்க்கரசியின் குரல்.

"இன்னிக்கு என்ன சமையல்?"

"சாதம், பருப்பு. பீன்ஸ் பொரியல்."

"பீன்ஸ நறுக்கினீங்களா?"

"பின்ன, முழுசாவா போடுவாங்க?"

மேடை துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. ஒரு பீன்ஸ் நார் கிடையாது. ஒரு மாத்திரை டப்பா, ஒரு டம்ளர், செருப்பு மாட்டக் கிளம்பும் ஆளைப் போல ஆணியில் தயாராக ஒரு துணிப்பை. பொசுக்கென்று ஒரு விசில் வந்தது. அடுத்தது வந்தது. பிலோமினாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. மனிதருக்குச் சமைக்கத் தெரியாது. தெரியும் என்று வீறாப்பாகச் சொல்லி மனைவியை ரயிலேற்றிவிட்டார். விசில் சத்தத்தைக் கேட்டு நாக்பூரில் அந்த அம்மா நிம்மதியாகப் போனை வைக்கிறார். இவர் துணிப்பையை எடுத்துக்கொண்டு முக்கில் இருக்கும் மெஸ்ஸுக்குப் போகிறார். சர்க்கரை இருக்கும் ஆள், பரோட்டாவுக்கு.

வைத்திலிங்கம் திரும்பினார். அவளைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"யாரு வந்திருக்காங்க?" என்றது போன்.

"ரெண்டு பி பிலோமினா."

"நல்லதாப் போச்சு. பிலோமினா, நீயே சொல்லும்மா. அந்தக் குக்கர்ல என்ன இருக்கு? இவர் சொல்றத நம்ப முடியல."

முப்பத்தாறு வருடம் எத்தனையோ ரயில்களைப் பதறாமல் அனுப்பி வைத்த மனிதர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஒளிக்க எதுவும் இல்லாமல் போகும், கையெழுத்தும் கிடைத்துவிடும். உள்ளே சாதம் என்று பொய் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? மூடியிருக்கே" என்றாள் பிலோமினா. அந்த நேரம் பார்த்து இன்னொரு விசில். "மூணு வந்துச்சு. அது மட்டும்தான் தெரியும்."

"மூணா? சரி, அணைக்கச் சொல்லு." போன் வைக்கப்பட்டது.

வைத்திலிங்கம் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும் சார்."

"எத்தன நாளா?"

"ரெண்டு மூணு வாரமா."

"அது சொல்லிச்சா?"

"ஆமா சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்படவில்லை. "பாரும்மா, உன்ன நான் நம்புறேன். இப்பக்கூட நீ காட்டிக் குடுக்கல. ஒரு மனுஷன் காதுல விழுந்தா பாதிய மறந்துடுவான், மீதிய மென்னு முழுங்கிடுவான். அது மறக்குமா? நாளைக்கு எவனாவது அத உங்கிட்டேருந்து புடுங்கிட்டுப் போனா? எந்த வீட்டுல சாப்பிடல, யாரு வீடு பூட்டிக் கெடக்கு, எல்லாம் அதுல இருக்கே. என்னுது வெறும் தண்ணி. சிரிச்சிட்டுப் போயிடலாம். எல்லார் வீட்டுலயும் தண்ணியாவா இருக்கும்?"

பிலோமினாவுக்குச் சுரீரென்றது. இந்த ஒரு வீட்டை மட்டுமே அவள் யோசித்திருந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு அடுப்படியிலும் இதே காதுதான். முந்நூற்றுப் பன்னிரண்டு போனிலும் அக்கம்பக்கத்தின் பட்டியல் ஏறிக்கொண்டிருக்கும். அதில் எந்த வீட்டில் என்ன துக்கம் எழுதியிருக்கிறதோ! நாக்கு நுனியில் கொண்டுவந்த வார்த்தையை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. தாளை மடித்துக்கொண்டு, "நீங்க போட வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

படியில் நடக்கும்போதுதான் தான் சொன்ன பதில் அவளுக்கே மறுபடி கேட்டது. மூணு வந்துச்சு, அது மட்டும்தான் தெரியும். அட, ஒரு விசில் எண்ணும் செயலிக்கு அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

இரண்டு நாள் லூர்துசாமிதான் சமைத்தார். பிலோமினா கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை. இருபத்து நான்கு குக்கர்களின் குரலையும் அழித்தாள். பட்டியலை அழித்தாள். கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமா என்று கை பரபரத்தது. பார்க்காமலேயே அழித்தாள். அழித்ததும் 'எத்தனை' பழையபடி முட்டாளாகி, ஷம்ஷாத் அக்காவின் கறியை எண்ணியது. அடுத்தவரைத் தெரிந்துகொள்ளாமல் தன் குக்கரை மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பது?

விடை லூர்துசாமியிடமிருந்து வந்தது. சாம்பார் கொதிக்கிற சந்தோஷத்தில் அவர் குக்கர் மூடியில் கரண்டியால் 'டங் டங்' என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் பிலோமினா. "இல்ல, நிறுத்தாதீங்க. இன்னொரு தடவ தட்டுங்க."

மூன்று சியில் அதை அவள் விளக்கியபோது அவளுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "அடுப்பு பத்த வெச்சதும் மூடியில ரெண்டு தட்டு சார். ரொம்பக் கிட்ட கேக்குற தட்டு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்துல வருதுன்னு போன் புடிச்சுக்கும். அந்த இடத்துலேருந்து வர்ற விசில மட்டும் எண்ணும். அணைச்சதும் அந்த இடத்தையும் மறந்துடும். நாளைக்கு மறுபடி தட்டணும்."

"தினமும் தட்டணுமா?"

"தினமும். அதுக்கு நேத்து ஞாபகமே இருக்காது. பழைய பட்டியலுக்கும் நீங்க சொன்னதுதான் தீர்ப்பு, எல்லாத்தையும் அழிச்சிட்டேன். முந்நூத்துப் பன்னெண்டு பேருக்கும் இதையே அனுப்பப் போறேன். காது இருக்கே, அதனால கையெழுத்து மட்டும் இன்னும் வேணும் சார்."

வைத்திலிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நீ சொல்றே. ஆனா சிக்னல் போட்டாச்சுன்னு வாயால சொன்னா நாங்க ரயில விட மாட்டோம். கண்ணால பாக்கணும். எல்லாக் குக்கரும் ஒரே நேரத்துல கத்தணும். என் அடுப்படியில வெச்சு உன் போன் என் விசில மட்டும் எண்ணணும். முடிஞ்சதும் உள்ள என்ன மிச்சம் இருக்குன்னு நான் தொறந்து பாக்கணும். அப்புறம் பேனா."

"எப்ப சார்?"

"ஞாயித்துக்கிழமை. பன்னெண்டரை. எப்படியும் அந்த நேரத்துக்கு நான் குக்கர் வெக்கத்தானே போறேன்."

ஞாயிற்றுக்கிழமைதான் அவகாசத்தின் கடைசி நாள். விஷயம் ஷம்ஷாத் அக்காவின் காதுக்குப் போனது. அங்கே போன எதுவும் போனபடி திரும்பாது. "இருபத்து நாலு வீட்டுலயும் ஒரே நேரத்துல சமையல்னா, அவங்கவங்க வீட்டுல உக்காந்து என்னத்துக்குத் திங்கிறது? எல்லாத்தையும் மொட்ட மாடிக்குத் தூக்கிட்டு வாங்க. பந்தல் நான் போடுறேன்."

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பியின் மணி அடித்தது. வாசலில் வைத்திலிங்கம். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"சோதனைக்குத் தண்ணி வெச்சா போதாதாம்மா?"

"சோதனைக்குப் போதும் சார். பந்திக்குப் போதாது."

அவர் தொண்டையைச் செருமினார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். உள்ளங்கையில் வைத்திருந்த சின்ன நோட்டைத் திறந்தார். "வெண்பொங்கல். சொல்லு, எழுதிக்கிறேன். அரிசி எத்தன, பருப்பு எத்தன, தண்ணி எத்தன." கொஞ்சம் தயங்கினார். "எத்தன விசில்?"

பிலோமினா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். அவர் ரயில் நேரம் குறிப்பது போல ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மல்லிகை அடுக்ககம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஷம்ஷாத் அக்கா தன் ஜன்னலிலிருந்து கூண்டுக்குள் தலையை நீட்டி, "வையுங்கடி!" என்று குரல் கொடுத்தார். இருபத்து நான்கு அடுப்பு பற்றிக்கொண்டது. அடுத்து டங் டங், டங் டங் என்று மேலிருந்தும் கீழிருந்தும் கரண்டிகள் மூடியில் விழுந்தன. லூர்துசாமி மட்டும் நிறுத்தாமல் தாளமே போட்டார். கூண்டின் விளிம்பில் காலங்காலமாக உட்கார்ந்திருந்த புறாக்கள் குடியைக் கிளப்பிக்கொண்டு பறந்தன.

மூன்று சி அடுப்படியில் வைத்திலிங்கம் இரண்டு தட்டு தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு குக்கரையே பார்த்தார். பிலோமினாவின் போன் மேடையில் சாய்ந்திருந்தது. அதன் திரையில் சுழியம். அந்த நேரம் சரியாக அவர் போன் அடித்தது.

"என்ன அங்க, தேர்த் திருவிழாவா?" என்றார் மங்கையர்க்கரசி.

"சோதனை நடக்குது. அப்புறம் பேசுறேன்."

"போன வெக்காதீங்க. விசில் கேட்டாத்தான் வெப்பேன்."

முதலில் நான்காம் மாடியில் ஒன்று கத்தியது. அதைத் தொட்டு இரண்டாம் மாடி. பிறகு யார் யார் என்று சொல்ல முடியாமல் கீச்சுக் குரலும் கட்டைக் குரலும் தும்மலுமாகக் கூண்டு நிறைந்தது. பிலோமினாவுக்குத் தன் மூச்சுகூடக் கேட்கவில்லை. திரையில் சுழியம் சுழியமாகவே நின்றது. உடைந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தாள். வைத்திலிங்கத்தின் குக்கர் மூக்கை உறிஞ்சியது, கொஞ்சம் குலுங்கியது, கனமாக, கரகரப்பாக ஊதியது.

ஒன்று.

அக்கம்பக்கம் என்ன கூச்சல் போட்டாலும் எண் அசையவில்லை. இரண்டு. மூன்று. வைத்திலிங்கம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான்காவது விசில் வந்ததும் 'எத்தனை' இரண்டு முறை உறுமியது. அதே நொடியில் நாக்பூரிலிருந்து குரல் வந்தது.

"நாலு வந்தாச்சு. அணைங்க."

அடுப்பை அணைத்ததும் திரை சுழியத்துக்குப் போனது. பிலோமினா செயலியின் உட்புறத்தை ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினாள். வைத்திலிங்கம் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எதிலும் எதுவும் இல்லை. நிமிர்ந்தார். தாளை வாங்கி மேடையில் விரித்து, தேதியோடு, நேரத்தோடு கையெழுத்துப் போட்டார். பிலோமினாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. சந்தோஷத்தை அவளால் மறைக்கவே முடியவில்லை, மறைக்கவும் இல்லை.

"ஏங்க" என்றது போன். இருவரும் அதை மறந்தே போயிருந்தார்கள்.

"சொல்லு."

"இன்னிக்குத்தான் உள்ள சாப்பாடு இருக்கு, இல்ல?"

வைத்திலிங்கம் பிலோமினாவை முறைத்தார். அவள் பதறிக்கொண்டு, நான் சொல்லவில்லை என்று கையை ஆட்டினாள்.

"அந்தப் புள்ளைய மொறைக்காதீங்க" என்றார் மங்கையர்க்கரசி, பார்த்ததைப் போல. "முப்பத்திரண்டு வருஷமா அந்தக் குக்கர் பக்கத்துலயே நின்னவ நான். தண்ணி கத்துறதுக்கும் சோறு கத்துறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? மொத நாளே தெரிஞ்சுபோச்சு."

பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் செயலிக்கு அதைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆகியிருந்தது.

"அப்பவே கேட்டிருக்கலாமே?" என்றார் வைத்திலிங்கம்.

"கேட்டா என்ன ஆகும்? நான் இங்க கவலப்படக் கூடாதுன்னு தெனமும் பன்னெண்டரைக்கு வெறுந்தண்ணிய வெச்சு ஊத விட்டீங்களே. அது எனக்குப் புடிச்சிருந்தது. அதனாலதான் தெனமும் போன் பண்ணேன்." பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. "சரி, என்ன வெச்சிருக்கீங்க?"

"பொங்கல்."

"உப்பு போடல, இல்ல?"

வைத்திலிங்கம் ஆடிப்போனார். போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுவுமா விசில்ல தெரியுது?"

"விசில்ல எங்க தெரியும்? எனக்கு உங்களத் தெரியும்."

கூண்டுக்குள் ஷம்ஷாத் அக்கா எல்லாரையும் மாடிக்கு வரச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார். வைத்திலிங்கம் ஆவி அடங்கிய குக்கரை மெல்லத் திறந்து, கரண்டியில் கொஞ்சம் எடுத்து நீட்டினார். பிலோமினா ஊதி வாயில் போட்டுப் பார்த்தாள். குழைவாக, நெய் மணமாக, மிளகு பல்லில் பட்டது. உப்பு இல்லை.